தெக்லா பிடித்த கயிறு

தெக்லாவை எங்கள் தெருவில் யாருக்கும் பிடித்ததில்லை. அவள் கதையைச் சொல்லப் போகிறேன் என்றதும் என் வீட்டிலேயே, "வேற நல்ல ஆளு ஒருத்தரும் கிடைக்கலியா?" என்று கேட்டார்கள். நல்ல ஆட்களைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது? பிறந்தார்கள், பூசைக்குப் போனார்கள், செத்தார்கள். இவள் அப்படி இல்லை.

தெக்லாவின் தாய் பிலோமி எனக்கு அத்தை மகள். தகப்பன் கயித்தான், சங்கு குளிக்கிறவன். எங்கள் திரேஸ்புரத்தில் அவன் மூச்சுக்கு ஈடு கிடையாது என்பார்கள். தெக்லாவுக்கு ஒரே தம்பி, ராயப்பன். பிலோமிக்கும் ஒரே தம்பி, தொம்மை. அதாவது தெக்லாவுக்குத் தாய்மாமன். இந்த நாலு பேரையும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

சங்கு குளிக்கிறவன் இடுப்பில் கயிறு கட்டி இறங்குவான். மறுமுனையை வள்ளத்தில் இருந்து ஒருவன் பிடித்திருப்பான். கீழே இருப்பவன் சுண்டினால் இவன் இழுக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் இந்தக் கயிற்றை மச்சான்தான் பிடிப்பான், அதுவும் பெண்டாட்டியுடன் பிறந்தவன். அண்ணன் தம்பி பிடிப்பதில்லை. செத்துப்போனால் அண்ணன் தம்பிக்குப் பங்கு கூடும். மச்சானுக்கோ அக்கா தாலியறுப்பாள். அப்படி யோசித்து வைத்த வழக்கம். இறங்குவதற்கு முன்னால், "மச்சான்?" என்று ஒரு குரல் கொடுப்பான். "இருக்கேன் மச்சான்" என்று பதில் வந்த பிறகுதான் மூச்சை இழுத்து முங்குவான்.

கயித்தான் லொரேஞ்சு சம்மாட்டியின் வள்ளத்தில் போய்க்கொண்டிருந்தான். சம்மாட்டி என்றால் வள்ளத்துச் சொந்தக்காரர். லொரேஞ்சு அவனுக்குச் சித்தப்பன் முறை. கயித்தானின் தகப்பனுக்கு உடன்பிறந்த தம்பி. ஒருநாள் கயித்தானைப் பிணமாகக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். சம்மாட்டி சொன்னார், "தொம்மைக்குக் கை வழுக்கிட்டு." தொம்மையும் தலையைக் குனிந்துகொண்டு, "ஆமா, வழுக்கிட்டு" என்றான். அவ்வளவுதான். பிலோமி அன்றைக்குத் தம்பியோடு பேச்சை நிறுத்தினாள்.

தாய்மாமன் கைதான் மருமகனுக்கு வரும் என்று எங்கள் சனங்களுக்கு ஒரு நினைப்பு. ராயப்பன் வளர்ந்து ஆளான பிறகு ஒரு வள்ளத்திலும் அவனைக் கயிறு பிடிக்க ஏற்றவில்லை. "அந்த வீட்டுக் கை வேண்டாம்பா" என்றார்கள். தெக்லாவைப் பெண் கேட்டு வந்தவர்களும் இதைக் கேள்விப்பட்டதும் காப்பியைக் குடிக்காமல் எழுந்து போனார்கள். அவளைக் கட்டினால் ராயப்பன் அல்லவா மச்சானாக வந்து கயிற்றைப் பிடிப்பான்? பிள்ளைகள் இரண்டுக்கும் வழி அடைத்துப்போய்விட்டது.

ராயப்பன் ஐஸ் உடைக்கப் போனான். தெக்லா இறால் உரிக்கும் கம்பெனிக்குப் போனாள். அங்கே மேஸ்திரி ஒருவன், சாயங்காலம் வேலை முடிந்து போகிற பெண்பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, "வாயத் தொற" என்பான். இறாலைத் தின்றிருக்கிறார்களா என்று மோந்து பார்ப்பான். ஒருநாள் தெக்லா வாயைத் திறந்தவள் மூடவே இல்லை. அவன் அடுத்தவளிடம் போன பிறகும் அப்படியே திறந்து வைத்துக்கொண்டு தெருவழியாக வீடு வரைக்கும் நடந்தாள். பின்னாலேயே மற்றவர்களும் வாயைத் திறந்துகொண்டு வந்தார்கள். தெருவே சிரித்தது. அவர்களுடைய முதல் நாடகம் அதுதான் என்று பிற்பாடு அவள் சொல்வாள்.

எங்கள் தெருவில் குகை மாதிரிக் கட்டிய மாதா கெபி உண்டு; அதன் திருவிழாவுக்கு வருஷாவருஷம் நாடகம் போடுவார்கள். திருநெல்வேலியிலிருந்து வாடகைக்குக் கிரீடமும் சட்டையும் வரும். ராஜா, மந்திரி எல்லாம் சம்மாட்டிமார் வீட்டுப் பையன்கள். இறால் கம்பெனிப் பையன்களுக்கும் மூட்டை தூக்குகிற பையன்களுக்கும் ஈட்டியைக் கையில் கொடுத்து ஓரமாக நிற்க வைப்பார்கள். ஒரு வசனம் கிடையாது. பொம்பிளைப் பிள்ளைகளுக்கு ஈட்டியும் கிடையாது.

தெக்லா போய் லொரேஞ்சு சம்மாட்டியிடம் கேட்டாள். அவர்தான் திருவிழாக் கமிட்டிக்குத் தலைவர்.

"தாத்தா, எங்களுக்கும் ஒரு வேஷம் குடுங்க."

"என்ன வேஷம் வேணும் உனக்கு? மாதாவா?"

"பேசுற வேஷம் எதுனாலும் சரி."

"பக்கத்துல வந்தா இறால் நாத்தம் குடலைப் பிடுங்குது. மேடைக்கு முன்னால உக்காந்திருக்க சனம் எந்திச்சு ஓடிரும். போளா."

அவள் போனாள். போய் ஐஸ் அடுக்கி வைக்கிற கிட்டங்கிக்குப் பின்னால் மணலில், ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் தனியாக ஒரு கூட்டம் சேர்த்தாள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர்கள், பள்ளிக்கூடம் பக்கமே போகாதவர்கள், எல்லாம் இளவட்டங்கள். இறால் கம்பெனிச் செல்லக்கிளி வந்தாள். பழைய துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற இசக்கியப்பன் வந்தான். லொரேஞ்சின் வீட்டிலிருந்தே ஒருவன் வந்தான். மிக்கேல் என்று பெயர், கயித்தானின் தகப்பனுக்கும் லொரேஞ்சுக்கும் நடுவில் பிறந்து செத்துப்போனவரின் மகன். தாய் தகப்பன் இல்லாதவன். சம்மாட்டி சோறு போட்டு, அதற்கு மேலேயே வேலை வாங்கிக்கொண்டிருந்தார். தெக்லாவுக்கு இவன் சித்தப்பா முறை. வயதில் ஒன்றும் பெரிய வித்தியாசம் இல்லை. "சித்தப்பா, மூக்கைத் துடை" என்பாள்.

எழுதி வைத்த புத்தகம் எதுவும் அவர்களுக்குக் கிடையாது. ஒருவர் தனக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும், மற்றவர்கள் அதை ஆடிக் காட்ட வேண்டும். தெக்லா ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தாள். தன் கதையைத் தானே ஆடக் கூடாது. ஆடினால் அழுகைதான் வரும், பார்க்கிறவனுக்கு ஒன்றும் விளங்காது என்பாள். அடி வாங்கினவன் உட்கார்ந்து பார்ப்பான், வேறொருவன் அடி வாங்குவான். "இப்படியா விழுந்தேன்? நான் நல்லா விழுந்தேன்லே" என்று உட்கார்ந்திருப்பவன் சண்டைக்கு வருவான்.

ஊர் சும்மா இருக்குமா? கூத்தாடிக் கம்பெனி என்றார்கள். பொட்டப்பிள்ளையும் ஆம்பிளைப் பிள்ளையும் மணலில் உருளுதுக என்றார்கள். செல்லக்கிளியை அவள் அண்ணன் தலைமயிரைப் பிடித்து இழுத்துப் போனான். அடுத்த ஞாயிறு அவள் மயிரைக் கத்தரித்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். தண்ணீர் எடுக்கிற இடத்தில் பிலோமியைப் பார்த்து, "தகப்பனைத் தின்னாச்சு, இனி மானத்தைத் தின்ன வேண்டியதுதான்" என்று ஒருத்தி சொன்னாள். பிலோமி குடத்தை அப்படியே வைத்துவிட்டு வந்து மகளை விளக்குமாற்றால் அடித்தாள்.

அப்போது எமர்ஜென்சி நடந்துகொண்டிருந்தது. புதுத் துறைமுகம் திறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. பங்குச் சாமியார் நல்ல மனுஷன். பெரிய நாடகம் தொடங்குகிற வரைக்கும் கூட்டம் சும்மாதானே உட்கார்ந்திருக்கிறது, பிள்ளைகள் கொஞ்ச நேரம் ஏதாவது ஆடட்டும் என்று சொல்லிவிட்டார். சாமியார் வாயால் சொன்னதைச் சம்மாட்டியால் தட்ட முடியவில்லை.

என்ன ஆடுவது என்று பேச்சு வந்தபோது தெக்லா தன் வீட்டுக் கதையைச் சொன்னாள். கயிறு வழுக்கினது, தாய் தாலியறுத்தது, தம்பிக்கு வேலை இல்லாமல் போனது. வேண்டுமென்றேதான் சொன்னாள். வழுக்கினது குத்தம் இல்லை, எவனுக்கும் வழுக்கும் என்று ஊர் ஒரு தடவையாவது நினைக்காதா என்று அவளுக்கு ஆசை. இசக்கியப்பன் குளிக்கிறவன். செல்லக்கிளி பெண்டாட்டி. கயிறு பிடிக்கிறவன் யார் என்றதும், வள்ளத்துக்குப் போய்ப் பழக்கம் என்று மிக்கேலைத் தள்ளிவிட்டார்கள். அவன் வேண்டாம் என்றான். "பயமாக்கும்?" என்று எல்லாரும் சிரித்ததும் எழுந்து வந்து கயிற்றை வாங்கிக்கொண்டான்.

மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அதுதான் வள்ளம். இசக்கியப்பன் அதன் ஓரத்தில் நின்று, சொல்லிக் கொடுத்தபடி, "மச்சான்?" என்றான்.

"இருக்கேன் அண்ணே" என்றான் மிக்கேல்.

இசக்கியப்பனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவன் உள்நாட்டுப் பையன், கடல் வழக்கம் தெரியாது. குதித்துவிட்டான். மணலில் கிடந்து மூச்சுத் திணறிக்கொண்டிருந்தான். ஒருவரும் அவனைப் பார்க்கவில்லை. தெக்லா மிக்கேலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சொன்ன?"

"வாய் தவறிட்டு. இருக்கேன் மச்சான்."

"இசக்கியப்பன் உனக்கு இளையவன். அவனை நீ ஒருநாளும் அண்ணேன்னு கூப்பிட்டதில்ல. வாய் எப்படித் தவறும்?"

"தவறிட்டுன்னு சொல்லுதேன்ல."

"எங்க அப்பாவுக்கு நீ தம்பி முறை. எங்க அப்பாவத்தான் அண்ணேன்னு கூப்பிடுவ." அவள் சத்தமே போடவில்லை. "தன் கதையத் தானே ஆடக் கூடாதுன்னு இங்க சட்டம். இறங்கு சித்தப்பா."

அவன் கயிற்றை அவள் முகத்தில் எறிந்தான்.

"ஆமாளா, நான்தான் பிடிச்சேன். என்ன செய்யப் போற? சம்மாட்டிதான் பிடிக்கச் சொன்னாரு. அன்னிக்குக் கூட வந்தது ரெண்டு கூலியாளு, அவனுகளும் வாயத் திறக்கல. மத்த வள்ளத்துக்கு ஆள் குறையுதுன்னு உங்க மாமனை அங்க அனுப்பினாரு. உங்க மாமன் போனான். ஒரு வார்த்தை மறுத்துப் பேசினானா? சிரிச்சிக்கிட்டே தாவிப் போனான். உங்க அப்பன் பழக்கத்துல மச்சான்னுதான் கூப்பிட்டான். நான் அண்ணேன்னேன். திரும்பிப் பார்த்தான். பார்த்துட்டுத்தான் இறங்கினான். நான் வள்ளத்துல தேங்கின தண்ணிய மோக்கத் திரும்பினேன், அவன் சுண்டினது தெரியல. அவ்வளவுதான். எனக்கு அப்ப மீசை முளைக்கல."

"பெறவு ஏன் மாமா வழுக்கிட்டுன்னு சொன்னாரு?"

"அத உங்க மாமன்ட்ட கேளு. மேடையில இதச் சொன்னீகன்னா வெட்டுப்பட்டுச் சாவீக." அவன் போய்விட்டான்.

தெக்லா மாமனிடம் போகவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை. கடற்கரையில் பிறந்த எவளுக்கும் அது தெரியும். கை வழுக்குவது விதி. மச்சானை வள்ளத்தில் விட்டுவிட்டு வேறு வள்ளத்துக்குத் தாவிப் போவது அப்படி இல்லை. லொரேஞ்சுக்கும் அதே நிலைமைதான். மச்சானைக் கயிற்றிலிருந்து எடுத்தார் என்று தெரிந்தால் ஒரு குளிகாரனும் அவர் வள்ளத்தில் கால் வைக்க மாட்டான். இரண்டு பேரும் சேர்ந்து, அவமானத்தில் சின்னதாக ஒன்றைப் பொறுக்கி எடுத்துக்கொண்டார்கள். அந்தச் சின்னது ராயப்பன் தலையிலும் தெக்லா தலையிலும் விழுந்தது.

மிக்கேல் வீட்டில் முழுதையும் சொல்லவில்லை. சொன்னால் தோல் உரிந்துவிடும். "நம்ம குடும்பத்தைப் பத்தி ஆடப் போறாளுக" என்று மட்டும் சொன்னான். லொரேஞ்சு தெக்லாவைக் கூப்பிட்டனுப்பினார்.

"யார் பேரை ஏலம் போடப் போற?"

"யார் பேரும் இல்ல தாத்தா."

"காலம் எப்படிக் கிடக்குன்னு தெரியும்ல? ஸ்டேஷன்ல ஒரு வார்த்தை போட்டேன்னா உன் கூத்தாடிப் பயக்களை அள்ளிக்கிட்டுப் போயிருவான். ஏன்னு கேட்க ஆளு கிடையாது. கெபி மேல சத்தியம் பண்ணு. ஆள் பேரு சொல்லக் கூடாது. வள்ளத்துப் பேரு கூடாது. வருஷம் கூடாது."

"சத்தியம்."

அதோடு விட்டாரா? ஒத்திகையைப் பார்த்துவிட்டு வரச் சொல்லித் தன் கணக்கப்பிள்ளை எபனேசரை அனுப்பினார். தானே வந்து பார்த்திருந்தால் முதல் நிமிஷத்தில் பிடித்திருப்பார். இறால் நாற்றத்தில் போய் உட்காருவதா என்று வரவில்லை. எபனேசர் நாசரேத் ஊர்ப் பக்கத்து மனுஷன், கடல் தெரியாதவர், கண்ணாடி போட்டவர், வேறு சபை. மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு முழுதும் பார்த்தார். மிக்கேல் இல்லாததால், தன் சட்டத்தைத் தானே மீறி, தெக்லாவே கயிற்றைப் பிடித்திருந்தாள். இசக்கியப்பன் "மச்சான்?" என்றான். அவள் "இருக்கேன் அண்ணே" என்றாள். அந்த வாய் தவறலை அப்படியே வைத்திருந்தாள், ஒரு எழுத்து மாற்றாமல்.

எபனேசர் திரும்பிப் போய்ச் சொன்னார்: "ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. ஒருத்தன் முங்குதான், சாவுதான், ஒருத்தி அழுதா. பேரு கிடையாது, ஊரு கிடையாது. கயித்தப் பிடிச்சவன் அண்ணே அண்ணேன்னு மரியாதையாத்தான் பேசுதான்."

"அண்ணே" என்பது அவர் ஊரில் பஸ் கண்டக்டருக்கும் சொல்கிற வார்த்தை. சம்மாட்டி அன்றைக்கு ஐஸ் லாரி வரவில்லை என்ற கோபத்தில் இருந்தார். "மரியாதையா" என்றதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டார்.

திருவிழா அன்று மாலை, ஆராதனை முடிந்ததும் சனம் மேடைக்கு முன்னால் உட்கார்ந்தது. முன்வரிசையில் நாற்காலி போட்டு லொரேஞ்சும் கமிட்டிக்காரர்களும். மணலில் குளிகாரர்களும் பெண்டுபிள்ளைகளும். பிலோமி ஓரத்தில், மிக்கேல் கமிட்டி நாற்காலிகளுக்குப் பின்னால். தொம்மை கடைசியில், சைக்கிளைப் பிடித்தபடி நின்றான். பிள்ளைகள் மேடையில் ஏறியதுமே கேலி தொடங்கிவிட்டது. "இறால் கிலோ என்ன விலைளா?" "மூக்கைப் பொத்திக்கிடுங்கப்பா." ஒரு தேங்காய்ச் சிரட்டை வந்து செல்லக்கிளி தோளில் பட்டது. அவள் அதை எடுத்து வள்ளத்தில் தண்ணீர் மோக்கிற சிரட்டையாக வைத்துக்கொண்டாள்.

இசக்கியப்பன் இடுப்பில் கயிறு. மறுமுனை தெக்லா கையில்.

"மச்சான்?"

"இருக்கேன் அண்ணே."

பேச்சு மெதுமெதுவாக அடங்கியது. முதலில் குளிகாரர்கள் பக்கம், அப்புறம் பெண்டுகள் பக்கம். மணலில் முன்னால் உட்கார்ந்திருந்த குளிகாரக் கிழவர் சவேரி எழுந்து கையைக் காட்டினார்.

"ஏளா, நில்லு. இப்பச் சொன்னத மறுபடி சொல்லு."

"இருக்கேன் அண்ணே."

"கயித்தப் பிடிச்சவன் அண்ணேன்னா சொன்னான்?"

தெக்லா கயிற்றைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். பின்னாலிருந்து ஒருவன், "இது கயித்தான் கதையில்லா?" என்றான். அதற்குப் பிறகு எங்கள் சனத்தைப் பிடித்து நிறுத்த முடியுமா? உறவுமுறை எண்ணத் தெரியாத ஒருத்தி எங்கள் தெருவில் இல்லை.

"கயித்தானுக்குக் கூடப்பிறந்த தம்பி கிடையாதே."

"சித்தப்பன் மக்கள்ல யாரு?"

"லொரேஞ்சுக்கு மூணும் பொட்டப்பிள்ளைக."

"நடுவுள்ளவர் மகன் இருக்கானே."

எல்லாத் தலையும் மிக்கேல் நின்ற பக்கம் திரும்பியது. அவன் அங்கே இல்லை; ஓடியிருந்தான்.

லொரேஞ்சு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "ஏளா நாயே, பேரு சொல்ல மாட்டேன்னு கெபி மேல சத்தியம் பண்ணினேல்ல?"

"நான் ஒரு பேரும் சொல்லலியே தாத்தா. அவுகதான் சொல்லுதாக."

மைக் வயரைப் பிடுங்கினார்கள். மேடை மேல் நாற்காலி பறந்தது. இசக்கியப்பனுக்கு நெற்றி உடைந்தது. சவேரிக் கிழவர் மட்டும் லொரேஞ்சுக்கு முன்னால் போய் நின்று, "மச்சான எடுத்துட்டுத் தம்பியப் போட்டீரா? உம்ம வள்ளத்துல நானும் என் மக்களும் இனி ஏற மாட்டோம்" என்று சொல்லிவிட்டு, அவர் காலடியில் துப்பினார். மறுநாள் காலையில் சம்மாட்டியின் வள்ளங்கள் இரண்டும் ஆளில்லாமல் கரையில் கிடந்தன.

அந்தக் கலவரத்தில் தொம்மை கூட்டத்தைப் பிளந்துகொண்டு பிலோமியிடம் வந்தான். மருமகள் தன்னைக் காப்பாற்றிவிட்டாள் என்று நினைத்திருப்பான் போல. "அக்கா, இப்பத் தெரிஞ்சிட்டுல்ல? என் கை வழுக்கல" என்றான். பிலோமி நாலு வருஷத்துக்குப் பிறகு அவனிடம் வாயைத் திறந்தாள்.

"கை வழுக்கினாலும் நீ அங்கன இருந்தன்னு நினைச்சேன்லே. சாகும்போது எம் புருஷன் உன் முகத்தப் பார்த்துக்கிட்டுத்தான் இறங்கினான்னு நினைச்சேன். அதுவும் இல்லையா? போ. பிடிக்காத கை வழுக்குனா என்ன, வழுக்காட்டா என்ன?"

அவ்வளவுதான் பேசினாள். அதுதான் அவர்கள் இரண்டு பேருக்கும் கடைசிப் பேச்சு.

தெக்லாவுக்கு ஊர் நன்றி சொல்லவில்லை. சொந்தக் குடும்பத்தை மேடையில் ஏற்றினவள் நாளைக்கு நம்மை விடுவாளா என்று பயந்தார்கள். கெபி மைதானத்தில் பிள்ளைகளை மறுபடி மேடை ஏற்றவில்லை. அவர்கள் ஐஸ் கிட்டங்கிக்குப் பின்னால் ஆடினார்கள். சனம் வரும், தள்ளி நின்று கையைக் கட்டிக்கொண்டு பார்க்கும், ஏசிக்கொண்டே போகும். புருஷன் பெண்டாட்டி சண்டை என்றால், "மெதுவாப் பேசு, தெக்லா காதுல விழுந்துரும்" என்பார்கள். ஆனால் ராயப்பனின் கையைப் பற்றி அதன்பிறகு யாரும் வாய் திறக்கவில்லை.

வேம்பாரிலிருந்து அந்திரேயா என்ற குளிகாரன் பெண் கேட்டு வந்தான். அவனும் இனிக்க இனிக்கப் பேசவில்லை.

"எனக்குக் கயிறு பிடிக்க ஒரு மச்சான் வேணும். உன் தம்பி நல்ல பலசாலியா இருக்கான். அதுக்குத்தான் வந்தேன்."

"நான் நாடகத்த விட மாட்டேன்."

"உங்க ஊர்ல ஆடு. எங்க ஊர்ல ஆடாத. எங்க அம்மா வாய் உன் வாயவிடப் பெரிசு."

தெக்லா சம்மதித்தாள். கல்யாணத்தன்று காலையிலேயே பிலோமி கோயில் வாசலில் நின்று, "அந்தத் தொம்மை நடை ஏறினா நான் இறங்கிப் போயிருவேன்" என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிட்டாள். தாய்மாமன் நிற்க வேண்டிய இடத்தில் யாரும் நிற்கவில்லை. வேறொருவரை நிறுத்தலாம் என்று நான்கூடச் சொன்னேன், பிலோமி கேட்கவில்லை. தெக்லா மாலையோடு வெளியே வந்தபோது தொம்மை எதிர்ப்புறம், புதுச் சட்டை போட்டு, ஒரு பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். சேலையாக இருக்கும். தெக்லா அவனை நன்றாகப் பார்த்தாள். வாங்க மாமா என்று அவளும் கூப்பிடவில்லை.